நைனாவின் வளைந்த ஊசி

என் தையல் பெட்டியில் வளைந்துபோன பின்னல் ஊசி ஒன்று கிடக்கிறது. அலுமினிய ஊசி, பத்தாம் நம்பர். அதன் ஜோடி நேராக இருக்கிறது; இது மட்டும் நடுவில் வளைந்து நிற்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கலாம்” என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவளுக்காகத்தான் அது வளைந்தது என்பது அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. வளைத்தவர் என் நைனா, என் அப்பா. ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டிய கை அது.

நான் திருப்பதியில் வேலை பார்த்த ஒரு தெலுங்குப் பையனை, பஸ் மெக்கானிக்கை, வீட்டில் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டேன். நைனா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதில் நாங்கள் இருவருமே சளைத்தவர்கள் இல்லை. அவர் கத்தவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். போன் செய்தால் என் குரல் கேட்டதும் அப்படியே அம்மாவின் கையில் கொடுத்துவிடுவார். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. எனக்கும் வீம்பு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த ‘ஹலோ’வுக்குப் பிறகு, இந்த முறையாவது ஏதாவது சொல்லமாட்டாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

மகள் எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். மார்கழிக் குளிர். கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். தலைக்குத் தொப்பி கொண்டுவாருங்கள் என்றார் நர்ஸ். மொட்டை போட மலைக்கு வரும் பிள்ளைகளுக்காகவே தொப்பி விற்கிற ஊர் திருப்பதி. தொப்பிக்கா பஞ்சம் என்று என் கணவர் மூன்று தொப்பிகள் வாங்கிவந்தார். மூன்றும் ஒரு வயதுப் பிள்ளைகளுக்கானவை. என் மகளின் தலையோ சாத்துக்குடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. போட்ட தொப்பி முகத்தையே மூடியது. “இதி பெத்ததம்மா” என்று, பெரிதாக இருக்கிறதென்று, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார் நர்ஸ். துணியைச் சுற்றினால் நழுவியது. பிள்ளைக்குக் குளிர் பட்டால் குடிக்கிற பால் எல்லாம் சூட்டுக்கே செலவாகிவிடும், உடம்பில் ஒட்டாது என்றார். எடை ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். தொப்பிக் கதையைப் போனில் நைனாவிடம் அவர்தான் சொன்னார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நைனா வந்துவிட்டார். ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் நான் மெதுவாக நடந்து வராந்தாவுக்குப் போனேன். பெஞ்சில் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து இரண்டு ஊசிகளையும் ஒரு ரோஸ் நிற உல்லன் உருண்டையையும் எடுத்தார். எட்டாம் வகுப்பில் கைவேலைப் பாடத்துக்கு நான் மஃப்ளர் பின்னத் தொடங்கி, ஒரு சாண் நீளத்தோடு கைவிட்ட சாமான்கள். அவை வீட்டில் இன்னும் இருந்ததே எனக்குத் தெரியாது. என் இடது கையில் குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பின்னல் ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“இத எப்டி ஆரம்பிக்கிறது?”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கே பாதி மறந்திருந்தது. முதலில் ஒரு சுருக்கு, அதிலிருந்து ஊசியில் வரிசையாகக் கண்ணிகள், பிறகு இரண்டாவது ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து எடுப்பது. வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். நூல் அவருக்குப் புதிதல்ல, சுருக்கை ஒரே நொடியில் போட்டுவிட்டார். ஆனால் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி இழுத்து இறுக்கினார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தொய்ந்தால் துணி போயிற்று; முப்பது வருடமாக அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம் அது. இரண்டாவது ஊசி கண்ணிக்குள் நுழையவே இல்லை. நெம்பினார். ஊசி வளைந்தது.

“நைனா, தளர வுடு. இது பாவு இல்ல.”

“தளர வுட்டா அவுந்து பூடும்.”

“அவுறாது. ஊசி புடிச்சிக்கும்.”

“நீ இன்னா கண்ட? நூலப் பத்தி எனக்கே சொல்லிக்கினு கீற.”

பிள்ளை பிறந்த எட்டு நாளும் அழுதே கழித்த எனக்குக் கோபம் வந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன். எதிர்ப் பெஞ்சில் இருந்த தெலுங்கு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்கு முறை பிரித்தார் நைனா. ஐந்தாவது முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தளர்த்தினார். ஏதோ பெரிய குற்றம் செய்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

எனக்குத் தெரிந்தது நேராகப் பின்னுவது மட்டும்தான். ஆகவே நீளவாட்டில் ஒரு துண்டு பின்னி, பக்கத்தைத் தைத்து, உச்சியைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துக் கட்டினார். மறுநாள் மத்தியானம் நர்ஸ் அதை உள்ளும் புறமும் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார். கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தோம். தொப்பி நெற்றிக்கு மேலேயே நின்றது. “கரெக்டா கீது” என்றார் நைனா. பிறகு என் பக்கம் திரும்பி, “நீ துன்னியா?” என்று கேட்டார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அந்த வாரக் கடைசியில் மகளின் எடை ஏறத் தொடங்கியது.

இப்போது நைனா எங்களோடு திருப்பதியில் இருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து தந்தார்கள். அவர் அதைத் தொடுவதில்லை. பேச்சும் குறைந்து, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அந்தப் பழைய மௌனமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. சென்ற மாதம் ஒரு நாள் புது மூங்கில் ஊசிகளும் ரோஸ் உல்லனும் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். மூங்கிலை ஒதுக்கிவிட்டு இடது கையால் என் தையல் பெட்டியைக் கிளறி வளைந்த ஊசியை எடுத்தார். ஊசியைப் பார்த்துக்கொண்டே, வார்த்தை குழறக் கேட்டார்:

“இத எப்டி ஆரம்பிக்கிறது?”

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்குப் போட்டுக் கொடுத்து, முதலிலிருந்து சொன்னேன். வலது கையில் பிடிப்பில்லை. கண்ணிகள் தொளதொளவென்று தொங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“கொஞ்சம் இறுக்கு நைனா. இழு.”

கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். கோணிய உதட்டில் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

“அன்னிக்கி... தளர வுடுன்னு... இன்னா சண்ட போட்ட. இப்ப இழுன்ற.”

எதையும் மறக்கவில்லை அவர். ஐந்தாவது கண்ணியைப் போட்டார், வலது கையால் நெற்றி நரம்பு புடைக்க இழுத்தார். அது இறுகியது. இரண்டாவது ஊசியை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. தளர விடு என்று நான் சொல்லவில்லை.