முட்டைமேட்டுச் சிஸ்கா

தன் கூட்டம் குடியிருந்த வேர்க்குகைக்குப் பின்னாலிருந்த முட்டைமேட்டைப் பதினெட்டு மழைக்காலமாகப் பார்த்துக்கொண்டவள் சிஸ்கா. அழுகிய கோரையைக் குவித்து முட்டைகளை மூடுவாள். தாடையைச் சேற்றில் அழுத்திச் சூடு பார்ப்பாள். சூடு ஏறினால் ஆண் பொரியும், தணிந்தால் பெண். வாலும் செதிலுமாகச் சதுப்பில் பிறந்த எவருக்கும் இது தெரியும்.

செதிலில்லாத மனிதர்கள் கரை கட்டிச் சதுப்பு நீரை வடிக்கத் தொடங்கிய வருஷம், தலைவன் ஓர்காத் மேட்டுக்கு வந்தான்.

"இனிமே எல்லாம் ஆணாவே பொரியட்டும். ஈட்டி புடிக்க ஆள் வேணும்."

"எல்லாமேவா தலைவரே? அப்புறம் முட்டை போட யாரு இருப்பா?"

"சண்டை முடியட்டும், பாத்துக்கலாம். நீ குப்பையக் கிளறு, போதும்."

கூட வந்தவர்கள் வாலைத் தரையில் அடித்துச் சிரித்தார்கள். சிஸ்கா அதற்குமேல் பேசவில்லை. சண்டை நடந்த ஒவ்வொரு பருவமும் கோரையை இரட்டிப்பாகக் குவித்தாள். அவள் இட்ட ஐந்து முட்டைகளும் அந்தச் சூட்டில்தான் கிடந்தன.

மார்புச் செதில் முற்றும் முன்பே ஐந்து மகன்களும் கரைக்குச் சண்டை போடப் போனார்கள். ஒருவனும் திரும்பவில்லை. கரையைக் காக்கும் மனிதன் ஒருவன் செதிலோடு உரித்த தோலில் தைத்த சட்டை போட்டிருந்ததாகவும், அதில் மஞ்சள் பட்டை இருந்ததாகவும் கொராக் என்ற இளைஞன் வந்து சொன்னான்.

"பட்டை இடுப்பு வரைக்கும் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"அப்ப என் மூணாவது மகன்தான்" என்றாள்.

பாதிச் சதுப்பு பறிபோய், பல வருஷம் கழித்துத்தான் சண்டை ஓய்ந்தது. மிஞ்சியவர்கள் முப்பது ஆண்கள். முட்டையிடும் வயது கடந்த ஏழு பெண்கள். எல்லோரும் கூடியபோது ஓர்காத் சிஸ்காவைக் கைகாட்டினான்.

"மேட்டுல குந்தியிருந்தவளக் கேளுங்க. பொண்ணே பொரிக்காம பண்ணது யாரு?"

அன்று சிரித்தவர்களில் இருவர் அங்கே இருந்தார்கள். அவர்களும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருந்த வேறொரு செதில் கூட்டம் பெண் கொடுக்கச் சம்மதித்தது. ஆனால் இவர்கள் அங்கேயே போய்ச் சொன்ன வேலை செய்து கிடக்க வேண்டும். ஓர்காத் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கினான். சிஸ்காவை யாரும் கூப்பிடவில்லை. கொராக் மட்டும் பின்தங்கினான்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சேவாக்கா செஞ்ச?"

"தெரிஞ்சுதான். சொல்லவும் சொன்னேன், ஒரே ஒரு தடவ. அதோட வாய மூடிக்கிட்டேன் பாரு, அதுதான் என் தப்பு."

கொராக் அவள் முன்னால் சுட்ட மீன் ஒன்றை வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் கோடையில், அவள் தனியாகக் கிடந்த குகைக்குள் தண்ணீர் வற்றியது. சிஸ்கா காய்ந்த ஆற்றோரமாக நடந்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தாள். மீன் அறுக்கும் இடத்தில் ஓரமாக உட்காரவிட்டார்கள். ஓர்காத்தின் மீனையும் அவள்தான் முள் எடுத்துக் கொடுத்தாள்.