ஷிபா போன இடங்கள்

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் லிஜினைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது ஷிபாவுக்கு. அதில் அவன் ஊரில் இருந்த நாட்களைச் சேர்த்தால் பதினாலு மாதம் தேறும். மிச்சக் காலமெல்லாம் அவன் கத்தாரில் இருந்தான். வீட்டில் ஷிபாவும், மகள் ஜெர்லினும், மாமியார் வியாகுலம்மாளும்.

லிஜின் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்போடு ஹெல்பராகப் போனவன், ஐந்தே வருடத்தில் ஸ்டோர் கீப்பர் ஆனான். லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் முகாமில் மற்றவர்கள் சீட்டு விளையாடும்போது அவன் தன்முன்னேற்றப் பேச்சுகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பான். குடியை விட வேண்டும், கம்ப்யூட்டர் படிக்க வேண்டும், ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவன். தனக்குப் பலித்தது பெண்டாட்டிக்கும் பலிக்கும் என்று நம்பினான்.

2014 டிசம்பரில் விடுமுறைக்கு வந்த முகம்மது ஹனீபா என்ற தேங்காய்ப்பட்டணத்துக்காரர் கையில் அவளுக்கு ஒரு டச் போன் கொடுத்தனுப்பினான். பெட்டியைப் பிரிக்கும்போதே அவனுடைய அழைப்பு வந்தது. மெயில் ஐடி, கடவுச்சொல், மேப், வாட்ஸ்அப் எல்லாம் தானே செட் செய்திருப்பதாகவும், எதையும் மாற்றக் கூடாது என்றும் சொன்னான். சார்ஜ் முழுதாக ஏறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், தெரியாத லிங்க் வந்தால் தொடக் கூடாது, போன் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஷிபா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அதுவரை அவள் வைத்திருந்தது பட்டன் போன்.

புத்தாண்டு காலையில் பூசை முடிந்து வந்தபோது அந்தப் போனில் ஒரு பட்டியல் காத்திருந்தது. ஷிபாவின் பன்னிரண்டு இலக்குகள். காலை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். தினமும் பத்து ஆங்கிலச் சொற்கள். மூன்று லிட்டர் தண்ணீர். சாயங்காலச் சாயாவுக்குச் சீனி கூடாது. சீரியல் ஒன்றுக்கு மேல் கூடாது. ஒன்பதாவது, கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். முடித்த ஒவ்வொன்றையும் விரலால் தொட்டால் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். இங்கே விழும் டிக் அதே நேரம் அங்கே அவன் போனிலும் தெரியும்.

முதல் மாதம் அவளுக்கு அது பிடித்தே இருந்தது. உடம்பு எடை குறைந்தது. ஜெர்லினின் டைரியில் டீச்சர் எழுதிய ஆங்கில வரியைப் படித்து, அதற்குக் கீழே ஒரு வரி பதில் எழுதினாள். தெருப் பெண்கள் போனை எடுத்துக்கொண்டு அவளிடம் வர ஆரம்பித்தார்கள். படம் அனுப்புவது எப்படி, நிறைந்துபோன மெமரியைக் காலி செய்வது எப்படி, தொல்லை செய்யும் எண்ணை எப்படித் தடுப்பது என்று கேட்டவர்களுக்கு அவள் திண்டாடித் திண்டாடிக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். தன்னால் இதெல்லாம் முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

காய்ச்சல் வந்து படுத்த இரண்டு நாள் டிக் விழவில்லை. மூன்றாம் நாள் லிஜின் கூப்பிட்டான். காய்ச்சலை விசாரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் காய்ச்சல் தடையில்லையே என்றான். அன்றிலிருந்து அவள் குடிக்காத தண்ணீருக்கும் டிக் போட்டாள்.

பிப்ரவரியில்தான் மார்த்தாண்டம் விஷயம் நடந்தது.

ஷிபாவுக்கு ஒரே ஒரு அக்காள், அஜிஷா. சுந்தரராஜ் என்ற பஸ் கண்டக்டரை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு போனவள். சாதி வேறு. அப்பாவின் அடக்கத்துக்குக்கூட அவளை உள்ளே விடவில்லை. கல்யாணம் பேசும்போதே லிஜின் வீட்டார், அந்தப் பெண்ணோடு ஒட்டும் உறவும் கூடாது என்று சொல்லித்தான் ஷிபாவை எடுத்தார்கள். அந்த அஜிஷாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று யார் மூலமோ தகவல் வந்தது. ஷிபா இரண்டு நாள் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை, ஜெர்லினுக்கு ஷூ வாங்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அக்காள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். ஷிபா அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, மறக்காமல் ஷூவும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் மத்தியானம் லிஜின் கூப்பிட்டான். குரலில் கோபமில்லை.

"நேத்து மார்த்தாண்டம் ஆஸ்பத்திரில ரெண்டு மணி நேரம் என்ன வேலை ஷிபா? உடம்புக்கு ஏதும் சரியில்லியா?"

கூடப் படித்த ஒருத்தியைப் பார்க்கப் போனதாகச் சொன்னாள். பிறகு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"பாத்தவங்க சொன்னாங்க," என்றான் அவன்.

பார்த்தவர்கள் யார்? பஸ்ஸில் ஊர்க்காரர் யாரும் இல்லை என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆட்டோ பிடிக்கவில்லை. போன விஷயமே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது வியாகுலம்மாள். மாமி யாரையாவது விட்டு வேவு பார்த்து, மகனிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று ஷிபா முடிவு செய்தாள்.

அதிலிருந்து மாமியிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், மாத்திரையை எடுத்து நீட்டுவாள். வாய் திறக்க மாட்டாள். வியாகுலம்மாளும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இருந்த அந்த வீட்டில் குழந்தையின் குரல் மட்டும் கேட்டது.

லிஜினுக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது. புதுக்கடைச் சந்தையில் மீன் வாங்கிவிட்டு அவள் கொஞ்சம் தாமதித்தால், சந்தையில் அவ்வளவு நேரமா என்பான். வட்டக்கோட்டைக்கு ஜெர்லினின் பள்ளிப் பிள்ளைகளோடு சுற்றுலா போனபோது, கோட்டைக்கு மேலே வெயிலில் நிற்க வேண்டாம் என்று கத்தாரிலிருந்தே செய்தி அனுப்பினான். அவள் பார்க்கும் முகங்களிலெல்லாம் ஒரு ஒற்றனைத் தேடினாள். பால்காரர், கோயிலில் மணியடிக்கும் கோயில்குட்டி, பக்கத்து வீட்டுப் பெண், யாரிடமும் சிரிக்கப் பயமாக இருந்தது. பிறகு வெளியே போவதைக் குறைத்தாள். வீட்டுக்குள் இருந்தால் யாரும் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை அல்லவா. நாற்பது நிமிட நடையை வீட்டைச் சுற்றி நடந்தாள். கிணற்றடி, அடுக்களை வாசல், முன் கேட், மறுபடி கிணற்றடி. சில நாள் நடந்துகொண்டே அழுவாள். முடித்ததும் டிக் போடுவாள்.

ஜூலையில் லிஜின் ஒன்பதாவது இலக்கை நினைவுபடுத்தினான். புதுக்கடையில் லீலாபாய் என்ற பெண் நடத்திய கம்ப்யூட்டர் மையத்தில் சேரச் சொன்னதும் அவன்தான். லீலாபாய் ஷிபாவைவிட மூன்று வயது இளையவள். அதிகம் பேச மாட்டாள். ஷிபா அவளை டீச்சர் என்றாள், அவள் ஷிபாவை அக்கா என்றாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் மெயில் பாடம். எல்லோரும் தங்கள் ஐடியைத் திறந்தார்கள். ஷிபா சும்மா உட்கார்ந்திருந்தாள். கடவுச்சொல் தனக்குத் தெரியாது, கணவன் போட்டுக் கொடுத்தது என்றாள். லீலாபாய் அவள் போனை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, மற்றவர்கள் போன பிறகு இருக்கச் சொன்னாள்.

வகுப்பு காலியானதும் போனை மேசைமேல் வைத்தாள். திரையில் ஒரு மேப் இருந்தது. அதில் சிவப்புப் புள்ளிகளும் கோடுகளும்.

"இது நீங்க போன இடம் அக்கா. தேதி மாத்திப் பாக்கலாம். இந்த ஐடி அவருக்க கைலயும் இருந்தா, அவரு அங்க இருந்தே பாக்கலாம்."

ஷிபா தேதியைப் பின்னால் தள்ளித் தள்ளிப் போனாள். வீடு, கோயில், பள்ளிக்கூடம், சந்தை. பெரும்பாலான நாட்களில் கோடுகூட இல்லை, வீட்டின்மேல் ஒரே புள்ளி. பிப்ரவரி செவ்வாய்க்கிழமைக்கு வந்தாள். ஊரிலிருந்து மார்த்தாண்டம் வரை ஒரு நீளக் கோடு. ஆஸ்பத்திரிமேல் ஒரு புள்ளி, அதற்குக் கீழே வந்த நேரமும் போன நேரமும். இன்னொரு பக்கத்தை லீலாபாய் திறந்து காட்டினாள். ஷிபா போனில் தேடியதெல்லாம் அங்கே வரிசையாக இருந்தது. கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்ன சாப்பிடலாம் என்று தேடியதும் இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பம் யாரும் பாத்துச் சொல்லலியா?"

வீட்டுக்கு வந்தபோது வியாகுலம்மாள் அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஷிபா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு மாமி என்று கூப்பிட்டாள். பிப்ரவரியில் தான் யாரைப் பார்க்கப் போனேன் என்று சொன்னாள். போன் காட்டிக்கொடுத்ததைச் சொன்னாள். நீங்கள் சொன்னதாக நினைத்துவிட்டேன் என்றாள்.

மாமி கத்தியை நிறுத்தவில்லை.

"நீ அப்பிடித்தான் நெனச்சேன்னு எனக்கும் தெரியும் பிள்ளே. நான் சொல்லல. ஆனா நீ அக்காளப் பாக்கப் போனேன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ."

ஷிபா சட்டியை எடுத்து மீனைக் கழுவினாள்.

அடுத்த திங்கட்கிழமை லீலாபாயின் மையத்தில் உட்கார்ந்து தன் பெயரில் ஒரு மெயில் ஐடி தொடங்கினாள். கடவுச்சொல் கேட்டபோது லீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே என்பது அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். பழைய ஐடியைப் போனிலிருந்து எடுத்தபோது பன்னிரண்டு இலக்குகளும் அதோடு போயின.

ஒரு மணி நேரம் ஆகவில்லை, லிஜின் கூப்பிட்டான். போன் கெட்டுப்போயிற்றா என்று கேட்டான். இல்லை, ஐடியை மாற்றிவிட்டேன் என்றாள்.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்னு நெனச்சியா? அக்காளுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டிருந்தேன். நீ அவளப் பாக்கத்தான் போனேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீயாட்டுச் சொல்லுதியான்னு பாத்தேன்."

"பாத்தவங்க சொன்னாங்கன்னு எதுக்குச் சொன்னீங்க? ஆறு மாசம் உங்க அம்மைகிட்ட நான் பேசல. அது தெரியுமா உங்களுக்கு?"

அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேப்பில் அது வராது. பிறகு அவன் குரல் மாறியது. முகாமில் எட்டுப் பேர் ஒரே அறையில் கிடக்கிறோம், சாப்பிடும்போது மேப்பைத் திறந்து வைத்துக்கொள்வேன், நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிறதையும் வருகிறதையும் பார்ப்பேன், கூட நடக்கிற மாதிரி இருக்கும் என்றான். ஷிபாவுக்கு அழுகை வந்தது. அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், பழைய ஐடியைத் திரும்பப் போடு என்று அவன் கேட்டபோது, மாட்டேன் என்றாள்.

பத்தொன்பது நாள் அவன் அவளைக் கூப்பிடவில்லை. மாமியின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு மகளிடம் பேசினான். இருபதாம் நாள் ஒன்றும் நடக்காததுபோலக் கூப்பிட்டு, போகிற இடத்தில் எல்லாம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அவள் மூன்று வாரம் அனுப்பினாள். பிறகு அதையும் நிறுத்தினாள். அதற்கு அவன் சண்டை போட்டான். பாதிரியாரிடம் சொல்வேன் என்றான். சொல்லவில்லை. இப்படியே எட்டு மாதம் போயிற்று. அதற்குள் ஷிபா பரீட்சை எழுதித் தேறி, லீலாபாயின் மையத்திலேயே காலை வேளையில் விண்ணப்பம் டைப் செய்யும் வேலையில் சேர்ந்தாள்.

2016 ஜூனில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. லிஜின் இரண்டு பெட்டிகளோடு ஊருக்கு வந்துவிட்டான். திரும்பிப் போகும் வழி தெரியவில்லை. நோட்டில் தனக்குப் புதிதாக இலக்குகள் எழுதினான். எதையும் அடிக்க முடியவில்லை. பெரும்பாலும் முன்கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஷிபா செருப்பை மாட்டும்போதெல்லாம் எங்கே என்று கேட்டான். முன்பு போனுக்குள் இருந்தவன் இப்போது வாசலில் இருந்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, அவள் ஒரு பையில் மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் எடுத்து வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு," என்றாள் ஷிபா.

அவன் அவளைப் பார்த்தான். அடுக்களைக்குள் மாமியின் பாத்திரச் சத்தம் நின்றது.

"எப்பம் வருவ?"

"அஞ்சு மணிக்கு."

அவன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ் தாமதம். ஐந்து இருபதுக்கு இறங்கினாள். நிறுத்தத்தில் லிஜின் நின்றுகொண்டிருந்தான். நாலு மணியிலிருந்தே நின்றார் என்று சாயாக்கடைக்காரர் பிறகொரு நாள் சொன்னார். அவன் கையைத் திருப்பி மணி பார்த்தான். அவள் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பையை வாங்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். பாதி வழியில், திரும்பாமலே, அக்காளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

சுகமாக இருக்கிறாள் என்றாள் ஷிபா.

அதன் பிறகு மாதம் ஒரு முறை அவள் போனாள். ஒவ்வொரு முறையும் அவன் வந்து அதே நிறுத்தத்தில் நின்றான். ஒரு முறையாவது அவன் அங்கே நிற்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் லீலாபாயிடம் சொன்னாள். அதை அவனிடம் சொல்ல அவளுக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.