ஒழுங்காக ஓடியதற்கு ஓர் அலாரம்

எங்கள் கேபிள் இன்டர்நெட் ஆபீசில் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. ஊர் ஊராக நாங்கள் வைத்திருக்கும் இன்டர்நெட் பெட்டிகளின் பழக்கத்தைத் தானே கற்றுக்கொள்ளும். வழக்கம் மாறினால் மட்டும் கூப்பிடும்.

அதிராம்பட்டினம் பெட்டி காசிம் பாயின் ஹார்டுவேர் கடையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது கடையின் மெயினை அணைத்துவிடுவார். பெட்டியும் நின்றுபோய், தெருவே இன்டர்நெட் இல்லாமல் தவிக்கும். நானும் வாராவாரம் போன் போட்டுக் கெஞ்சுவேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் தஞ்சாவூர் ஆபீசில் சோற்றில் கை வைத்ததும் சிவப்பு அலாரம். 'அதிராம்பட்டினம்: வழக்கத்துக்கு மாறாக உள்ளது.'

பார்த்தால், தொழுகை நேரத்திலும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பாய் தொழுகைக்கே போகவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? போன் போட்டேன், எடுக்கவில்லை.

பிறகு அவரே கூப்பிட்டார். "பள்ளிவாசல்ல இருந்தேன் தம்பி. என்ன விஷயம்?"

"இன்னைக்கு மெயின் அணைக்கலையா பாய்?"

"நீங்கதானே அணைக்காதீங்கன்னு சொன்னீங்க. இன்னைக்குத்தான் ஞாபகமா விட்டுட்டுப் போனேன். அணைச்சாலும் போன் போடுறீங்க, அணைக்கலைன்னாலும் போடுறீங்க. அடுத்த வெள்ளி என்ன செய்யட்டும்?"

சாஃப்ட்வேரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆறிப்போன சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சொன்ன பேச்சைக் கேட்டதற்காக உங்களை யாராவது இப்படி விசாரித்திருக்கிறார்களா?