மூன்றாம் பாகம் கேட்டு வந்தவர்

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிரந்தசாலையில் இருபத்தாறு வருடம் லைப்ரேரியனாக இருந்தேன். பாதி வேலை மேசையில், பாதி ரோட்டில். பெண்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டு கொடுக்கும் திட்டம் எங்களிடம் உண்டு. ஒரு பையில் மலையாளம், ஒரு பையில் தமிழ் என்று வாரத்தில் நான்கு நாள் நடப்பேன். இப்போது அந்தப் பையைத் தூக்கும் பிள்ளைகளுக்காக நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். செய்த நன்மைகளைப் பற்றிப் பேச ஆண்டுவிழாவில் நிறைய பேர் இருந்தார்கள்.

1. மகன் வந்த நாள்

ஒரு சனிக்கிழமை, இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் வந்து மேசைமேல் ஒரு நாவலைப் பொத்தென்று போட்டான். தையல்கார ஸ்டெல்லாவின் மகன். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை.

"ஆன்டி, அம்மைக்கு இதெல்லாம் குடுக்காதீங்க. முந்நூறு வயசு ரத்தக்காட்டேரி சின்னப் பெண்ணைப் பிரேமிக்கான், இது ஒரு கதையா? அம்மை தனியே இருந்து சிரிக்குது. ஊருல ஆளுவ ஓரோண்ணு சொல்லினும்."

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் கடலில் இறந்து ஒன்பது வருடம். அவன் போட்டது மூன்று பாகக் கதையின் இரண்டாம் பாகம். கடிகாரம் ரிப்பேர் செய்யும் சாகாத ஒருவன், பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கட்டுகிறான். அவனுக்கு எப்போதும் இருபத்தைந்து. அவளுக்கோ வயது ஏறுகிறது. நாற்பதாவது வயதில் தலையில் நரை கண்டு, "நான் கிழவி ஆனாலும் இருப்பாயா?" என்று அவள் கேட்பதோடு அந்தப் பாகம் முடிகிறது.

"சரி மக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, மூன்றாம் பாகத்தை எடுத்து என் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். ஒரு தாயைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை வேறு.

2. வெளியே போயிருக்கு

அடுத்த வாரம் ஒரு சமையல் புத்தகத்தை நீட்டினேன். ஸ்டெல்லா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மூணாம் பாகம் எங்க அக்கா?"

"வெளிய போயிருக்கு. ஆரோ கொண்டுபோயாச்சு."

"அந்தப் பெண்ணுக்கு அவன் என்ன பதில் சொன்னான்னு அறியாண்டாமா? அக்கா, இத யோசிச்சியளா? நம்ம ஊரு யட்சியும் சாகாதவதான். அவளப் பிடிச்சு மரத்துல ஆணியடிச்சுத் தளைக்கினும். ஆம்பளை காட்டேரிக்கு மட்டும் பத்தொம்பது வயசுப் பெண்ணைக் கெட்டிக் குடுக்கினும்!"

நானும் சிரித்தேன். ஆனால் அவள் வீட்டுப் படியிறங்கியதும் மனசு நிலைகொள்ளவில்லை. அவள் வீடு வருவதற்கு முன்பே பொய்யைத் தயார் செய்துகொண்டு நடக்கிற ஆளாக ஆகிவிட்டேன். ஐந்து வாரம் அதே பொய். இஷ்யூ ரெஜிஸ்டரில் அந்த நம்பருக்கு நேரே வெற்றிடம். அதைக் காணும்போதெல்லாம் எரிச்சல் வந்தது, அதுவும் ஸ்டெல்லாமேல்.

3. புத்தகம் வாசிக்காதவர்

அந்த நாட்களில்தான் ராஜன் வந்தார். ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்பவர், முப்பத்துமூன்று வயது. கிரந்தசாலைக்குள் நான் அவரைப் பார்த்ததே இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றார்.

"அக்கா, அந்தக் காட்டேரிக் கதை மூணாம் பாகம் வந்தாச்சா?"

"இல்ல. நீங்க மெம்பரா?"

"இல்ல. எப்பம் வரும்?"

"சொல்ல ஒக்காது."

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடி இல்லை என்றேன். டிராயர் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர், "அப்பம் வராது, இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவரைக் காணவில்லை.

4. டிராயரைத் திறந்தது

ஸ்டெல்லாவே ஒருநாள் சொன்னாள். ராஜன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். பதின்மூன்று வயது வித்தியாசம். பதில் சொல்லப் பயந்து, "அந்தக் கதை தீரட்டும், சொல்லுதேன்" என்றிருக்கிறாள்.

"விளையாட்டாத்தான் சொன்னேன். கதை தீருவதுக்குள்ள எனக்கும் தைரியம் வரும்னு பாத்தேன். அவன் இப்பம் கொல்லத்துக்கு வேலைக்குப் போயாச்சு. போன் எடுக்கல்ல."

 மறுநாளே புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாப்பத்தாறு வயசுக்காரி என்ன வாசிக்கணும்னு எனக்க மொவன் சொன்னா நீங்க கேப்பியளா? எனக்கிட்ட ஒரு வாக்கு கேட்டியளா அக்கா?"

 அன்று அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கிரந்தசாலைக்கு அவளே வந்து புத்தகத்தைத் திருப்பித் தந்தாள்.

"அவன் அவளையும் கடிச்சு, திரும்பவும் பத்தொம்பது வயசு ஆக்கிட்டான். ஒருத்தருக்கும் வயசாவண்டாம். எழுதுன ஆளு பயந்துபோனாரு. முந்நூறு வருசம் இருந்தும் அந்தக் காட்டேரிக்குப் புத்தி இருபத்தஞ்சுதான். அதே கோவம், அதே சம்சயம். ராஜன் படுக்கையில கிடந்த அம்மையை ஆறு வருசம் குளிப்பாட்டினவனாக்கும். அவனுக்க வயசை எப்பிடி அக்கா கணக்காக்குவிய?"

5. கொல்லம்

நான் லீவு போட்டு ரயில் ஏறினேன். அவர் வேலை பார்த்த ஐஸ் பிளான்ட் வாசலில் ராஜனைப் பிடித்து, பொய் சொன்னது நான்தான் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அப்பம் அவிய நிசமாவே கதை தீரக் காத்திருந்தாவளா? வேண்டாம்னு சொல்லத் தயங்கி ஒரு சாக்கு சொன்னாவன்னு நெனச்சேன்."

நான்கு மாதம் கழித்து ரிஜிஸ்டர் ஆபீசில் அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஸ்டெல்லா என்னை அழைத்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் துணிவில்லை. மகன் வரவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் என் பங்கு என்ன என்று இன்றும் தெரியவில்லை.

பிள்ளைகளே, பையைத் திறந்து, கேட்ட புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாங்க நீளும் கை எதற்காகக் காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அன்று கிளார்க் வயது எழுதிய இடத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நாப்பத்தாறும் முப்பத்திமூணும், சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதான் சாரே" என்றாள் ஸ்டெல்லா. "அடுத்த வருசம் ரெண்டுபேருக்கும் ஒவ்வொண்ணு கூடும்."