புரட்டாதிச் சனியும் ஒரு நீலச் செட்டையும்

காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், மரத்தையும் குருவியையும் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் என் வேலை. ஓஸ்லோவில் எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தவே முடியாது. "மரத்தைக் காட்டுறதுக்குச் சம்பளமோ? மரம் தானாத் தெரியுந்தானே?" என்பார்கள். கேட்கிறவர் டாக்டராக இருந்தாலும் சரி, பஸ் ஓட்டுகிறவராக இருந்தாலும் சரி, கேள்வி மட்டும் மாறாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் கோபப்படக்கூட எனக்கு வசதியில்லை. எனக்கிருந்தது ஒரு பருவத்துக்கான தற்காலிக வேலை. நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது, அதை நினைத்து நினைத்து நித்திரை கெட்டுப்போயிருந்தேன். பூங்காக் காவலர்களுக்கெல்லாம் தலைவியான என் மேலதிகாரி, "ஒரு நடைக்கு நானும் வருகிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தார். உயரமான நோர்வேஜியப் பெண், சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அவர் வாயால் "பரவாயில்லை" என்று வந்தால் அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டலாம்.

ஆகவே ஒரு கெட்டித்தனம் செய்தேன். காட்டுப் பக்கமே வராதவர்களைக் காட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால் மேலதிகாரி மயங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டு, ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக்கட்டடத்துத் தமிழர்களை ஒரு சனிக்கிழமை நடைக்கு அழைத்தேன். அது புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை. நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்குப் பெரிய வெள்ளி தெரியும், புரட்டாதிச் சனி எங்கே தெரியும்?

எல்லிங்ஸ்ருட்டில் மெட்ரோவை விட்டிறங்கினால் கொஞ்சத் தூரத்தில் காடு தொடங்கிவிடும். இருபது, இருபத்தைந்து பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் கீழ்வீட்டு அக்கா. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், எங்கள் கட்டடத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பின்னால் அவருடைய கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், கல்யாண வீட்டுக்குப் போகிற அளவு பெரிய சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மேலதிகாரிக்குக் கேட்கட்டும் என்று, முதலில் நோர்வேஜிய மொழியிலும் பிறகு தமிழிலும் சட்டங்களைச் சொன்னேன். காட்டு உயிர்களுக்குச் சாப்பாடு போடக் கூடாது. கொண்டுவந்ததில் ஒரு பருக்கையைக்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். மேலதிகாரியும் தலையை லேசாக அசைத்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

ஈர மண்ணில் பதிந்திருந்த காட்டுமானின் கால்தடத்தைக் காட்டி, அது எருமையைவிட உயரமாக வளரும் என்றேன். "இறைச்சி எப்பிடி, பொரியலுக்குச் சரிவருமோ?" என்று அத்தான் கேட்டார். மான் பின்னால் நின்று கேட்டிருந்தால் சுவீடன் வரைக்கும் ஓடியிருக்கும்.

"சும்மா இருங்கோ! விரத நாளிலை இறைச்சிக் கதை!" என்று அக்கா ஒரு சத்தம் போட்டார்.

"என்ன விரதம் அக்கா?" என்று நான் கேட்டேன்.

"புரட்டாதிச் சனியெல்லோ பிள்ளை. வேதக்காரி திகதி வைச்சா இப்பிடித்தான். பரவாயில்லை, சமைச்சுக் கொண்டு வந்தனான்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மடைச்சி நான்.

மதியம் குளக்கரையில் பெட்டியைத் திறந்தார்கள். எள்ளுச்சாதம், உளுந்து வடை, கத்தரிக்காய்க் குழம்பு. வாசம் குளத்தின் அக்கரைக்கே போயிருக்கும். ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, சனீஸ்வரன்ரை வாகனமெல்லோ, காகத்துக்கு வைக்காமச் சாப்பிடேலாது. எங்கை உங்கட காகங்கள்?" என்றார் அக்கா.

ஹவுகன்ஸ்டுவாவில் காகங்கள் சனிக்கிழமையானால் பல்கனிக் கம்பியில் வரிசையில் வந்து குந்தியிருக்கும். ஊருக்குள் குப்பைத்தொட்டிகளை நம்பி வாழ்கிற அந்தச் சீவன்களுக்கு நடுக்காட்டில் என்ன வேலை? இதை விளங்கப்படுத்தினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். காகம் இல்லாத காட்டுக்கு மனிசரைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என்ற பார்வை அது.

பிறகு தொடங்கியது கூத்து. எல்லாரும் எழுந்து நின்று "கா! கா! கா!" என்று கத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த தம்பி ஒருவர், "அக்கா, யூடியூப்ல காக்கா சவுண்டு இருக்கு, போடட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டும்விட்டார்.

"அது இந்தியக் காகம். இஞ்சத்தைக் காகத்துக்கு விளங்காது," என்றார் அத்தான்.

மேலதிகாரி என்னிடம் வந்தார். "இவர்கள் என்ன செய்கிறார்கள்?"

"காகத்தைக் கூப்பிடுகிறார்கள். அது சாப்பிட்ட பிறகுதான் இவர்கள் சாப்பிடலாம்."

அவர் கையில் மதியச் சாப்பாட்டுக்கென்று கடதாசியில் சுற்றிய பாண் துண்டு பிரிக்கப்படாமல் இருந்தது. யாரும் தொடங்காததால் அவரும் தொடங்கவில்லை. மேலதிகாரியையும் பட்டினி போட்டுவிட்டேன் என்று அப்போதுதான் கண்டேன்.

அத்தான் சீனி வருத்தக்காரர், காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர். பழச்சாறு நீட்டினேன். வடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வேண்டாமென்று தலையாட்டினார். அவருடைய விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. எனக்கு வேலையும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை, விசர்தான் பிடித்தது.

"எல்லாரும் இருங்கோ! வாயை மூடுங்கோ! போனை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். ஒரு கடதாசித் தட்டில் ஒரு பிடி சாதமும் ஒரு வடையும் வைத்து, மேலதிகாரியின் கண் முன்னாலேயே கொண்டுபோய் ஒரு மரக்குற்றியில் வைத்தேன். "மிச்சத்தை நானே எடுப்பேன்," என்று அவரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே சண்டைக்காரியின் குரல்போலக் கேட்டது.

எங்கள் சனம் பேசாமல் இருந்ததை என் ஆயுளில் முதல்முறை அன்றைக்குத்தான் கண்டேன். எல்லாரும் பாசியில் குந்தி, மரம் மரமாகக் கண்ணை ஓட்டினார்கள். காற்று பைன் மரங்களுக்குள் போகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டியது. தமிழ்நாட்டுத் தம்பி வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பறவை கிளைக்குக் கிளை தாவி இறங்கியது. மண்நிற உடம்பு, செட்டையில் பளீரென்று ஒரு நீலத்துண்டு. தட்டில் குந்தி, தலையைச் சரித்துப் பார்த்து, முழு வடையையும் கவ்விக்கொண்டு பறந்தது.

"எங்கட ஊர்ப் பனங்காடையெல்லோ அது!" என்று அக்கா குசுகுசுத்தார். "பனங்காடைக்கு வைச்சோ விரதம் முடிக்கிறது?"

"பனங்காடை இல்லை அக்கா. இது காகக் குடும்பம். சத்தியமா. நான் படிச்சனான்."

"குடும்பமெண்டா? சொந்தக்காரன் சாப்பிட்டா வீட்டுக்காரன் சாப்பிட்ட மாதிரியோ?"

"உங்கட வீட்டு விசேஷத்திலை ஆர் சாப்பிடுறது? நீங்களோ, சொந்தக்காரரோ?"

அக்கா யோசித்தார். எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுவும் சரிதான்," என்றார். அத்தான் அந்த வசனம் முடியுமுன்பே இரண்டாவது வடையில் இருந்தார்.

திரும்பும் வழியில் மேலதிகாரி என் பக்கத்தில் நடந்தார். "சட்டத்தை மீறினாய்," என்றார். "ஓம்," என்றேன், அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் வேலை அந்த வடையோடு பறந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

பாதையில் கிடந்த ஒரு கொப்பைக் காலால் ஒதுக்கினார். "மேலே பாருங்கள், கேளுங்கள் என்று வருகிறவர்களிடம் வருடக்கணக்காகக் கெஞ்சுகிறேன். யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள்." பிறகு, "இந்த விரதம் ஞாயிற்றுக்கிழமையும் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை. சனிக்கிழமை மட்டும்."

"அப்படியென்றால் அடுத்த வருடத்து நடைகளை ஞாயிறுகளில் வை. அந்த இடம் உனக்குத்தான்."

மெட்ரோவில் அக்காவிடம் காதோடு காதாகச் சொன்னேன். காதோடு வைத்திருக்கத் தெரிந்த ஆளா அவர்! வண்டி முழுக்கக் கேட்க, "எங்கட பிள்ளைக்குக் காட்டிலை நிரந்தர வேலை! சனீஸ்வரன் எடுத்துக் குடுத்திட்டார்!" என்றார். எத்தனை வருடம் அந்தக் காட்டில் நனைந்து படித்தவள் நான், பெயர் சனீஸ்வரனுக்கு. வாயைத் திறந்தேன், சண்டைக்குத்தான். ஆனால் "எங்கட பிள்ளை" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழாதை. மரத்தைக் காட்டுறதெண்டாச் சும்மாவோ?" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்டார்.