தலைக்கு இரண்டு புள்ளி நான்கு

கல்முனைக்குடியில் அரிசிக் கடை வைத்திருந்த ஆதம்பாவாவுக்குக் கிலோ என்றாலே ஒரு இளக்காரம். அரசாங்கம் சொன்னதற்காகக் கடையில் கிலோப் படிக்கற்களை வைத்திருந்தாரே தவிர, மண்டைக்குள் ஓடியதெல்லாம் இறாத்தலும் அவுன்சும்தான். "ஒரு கிலோண்டா ரெண்டே கால் றாத்தல்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தக் கணக்கில் இம்மி கூடத்தான் வரும். கூடினால் வாங்குகிறவனுக்குப் போகட்டும் என்பார். நிறுவையில் கை வைத்தார் என்று ஊரில் ஒரு வாயும் அவரைச் சொன்னதில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அவர் கடையில் கால் வைக்க இடமிருக்காது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும், பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைக்குக் கொடுத்து முடிக்க வேண்டிய பித்ரா அரிசி வாங்கத்தான் அந்தக் கூட்டம். பால்குடிப் பிள்ளைக்கும் உண்டு. தலைக்குத் தலை தராசில் நிறுத்தால் விடிந்துவிடும் என்று, மூன்று வருடத்துக்கு முன் ஆதம்பாவா ஒரு பால்மா டின்னை விளிம்பு வெட்டி, ஒரு பித்ரா சரியாகக் கொள்ளும்படி அளவாக்கி வைத்தார். அள்ளித் தட்டிப் பையில் கொட்டினால் வேலை முடிந்தது. ஊரே மெச்சியது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, பெருநாள் முடிந்த ஒரு திங்கட்கிழமை, ஆமினா உம்மா ஒரு சாக்கைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். புருஷன் கடலில் போய்ச் சேர்ந்த பிறகு கூலிக்கு நெல் அவித்துப் பிழைக்கிறவள். அவளுக்கு இருபது பேருடைய பித்ரா கிடைத்திருந்தது. எல்லாம் ஆதம்பாவா கடை அரிசிதான், ஆனால் அவரவர் தின்னும் ரகத்தில் கொடுத்ததால் சம்பாவும் நாடும் சிவப்பும் கலந்து கிடந்தது. கலந்த அரிசி ஒன்றாக வேகாது. ஒன்று குழைந்தால் மற்றது விறைக்கும். அதைக் கொடுத்துவிட்டு நாட்டரிசியாக மாற்றிப்போக வந்திருந்தாள்.

ஆதம்பாவா சாக்கைப் பெரிய தராசில் ஏற்றினார். நாற்பத்து மூன்று கிலோ. கடைப் பையன் கல்குலேட்டரில் பலகைக் கணக்கான 2.4-ஐ இருபதால் பெருக்கி நாற்பத்தெட்டு என்றான்.

"இருவது பித்ராண்டா நாப்பத்தெட்டு வரோணும் தங்கச்சி. அஞ்சு கிலோ எங்க?"

"நாங்க ஒரு பிடியும் எடுக்கல்ல காக்கா. வந்த பையெல்லாம் அப்படியே சாக்குல கொட்டின."

"அப்ப அரிசி கால் முளைச்சி நடந்து போன போல. எடுத்தா எடுத்தண்டு சொல்லுங்களன். என்ட கடை நிறுவையிலயா குறை சொல்ல வந்த?"

கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஆமினா உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தந்த நாற்பத்து மூன்று கிலோவை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனாள்.

அவள் போன விதம் ஆதம்பாவாவை உறுத்தியது. பகல் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தியவர், வீட்டுக்குப் போகாமல் டின்னை எடுத்தார். ஒரு டின் அரிசியைத் தட்டில் கொட்டி மறு தட்டில் கிலோக் கற்களை வைத்தார். இரண்டு கிலோ, அதன்மேல் நூறு கிராம், அதன்மேல் ஐம்பது. தட்டுகள் நேராக நின்றன. கல்லை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதுவேதான்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. பள்ளிவாசல் பலகையில் தலைக்கு 2.4 கிலோ என்று எழுதியிருந்தது. இரண்டு இறாத்தல் நாலு அவுன்சை இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து எழுதிப் பழகிய மனிதர், அதை இரண்டு கிலோவும் நாலு அவுன்சும் என்று வாசித்திருந்தார். வீட்டில் கிடந்த வாப்பா காலத்து இறாத்தல் கற்களை வைத்து, இரண்டு கிலோவுக்கு நாலரை இறாத்தலும் அதன்மேல் நாலு அவுன்சும் போட்டு டின்னை வெட்டியிருந்தார். நானூறு கிராம் வர வேண்டிய இடத்தில் நூற்றுச் சொச்சம். ஒரு தலைக்குக் கால் கிலோ குறைவு.

பெருநாளுக்கு நானூறு தலை என்றால் நூறு கிலோ. மூன்று பெருநாள். அத்தனையும் ஏழைகளின் வாய்க்குப் போக வேண்டிய அரிசி, அவர் சாக்கிலேயே தங்கி, அவர் வீட்டுப் பானையில் வெந்திருக்கிறது. பித்ரா கொடுபடாத நோன்பு வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் தொங்கும் என்று சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது. எத்தனை பேருடைய நோன்பு! அன்றைக்கும் அடுத்த நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அரிசியைப் பங்கிட்டுவிடலாமா என்று நஃப்ஸ், அந்தக் கீழ்மனம், கெஞ்சிப் பார்த்தது. கேவலமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று, ஒன்றும் விடாமல் சொன்னார். மௌலவி இப்றாஹிம், "மனசறிஞ்சி செய்யல்ல காக்கா. குறைஞ்சத ஏழையளுக்குக் குடுத்து முடிங்க" என்றார். "டின்னும் நோன்பு புடிச்சிரிக்கி" என்று பின்னால் யாரோ சொல்ல, பள்ளிவாசலே சிரித்தது. ஆதம்பாவாவும் சிரித்துவிட்டார். நெஞ்சு லேசாகிப்போனது.

அந்த லேசோடு, ஐந்து கிலோவுக்குப் பத்துக் கிலோவாக நாட்டரிசி கட்டிக்கொண்டு நேரே ஆமினா உம்மா வீட்டுக்குப் போனார்.

"பிழை என்னிலதான் தங்கச்சி. என்ட டின் குறைவு. நீங்க ஒண்டும் எடுக்கல்ல. அண்டைக்கி நாலு பேருக்கு முன்னால கதைச்சதுக்கு மன்னிச்சிக்கங்க."

ஆமினா உம்மா அரிசியைத் தொடவில்லை.

"நிறுவையில நீங்க பிழை விடுவீங்கண்டு ஆரு காக்கா நினைச்ச? ஊட்டுல நானும் மகளும்தான். நான் எடுக்கல்ல. அப்ப அவதானேண்டு அகப்பையால அடிச்சன். ரெண்டு நாள் இல்லயிண்டுதான் சொன்ன. பொறகு அடி தாங்காம, ஓம், எடுத்துக் கடைக்குக் குடுத்து முட்டாசி வாங்கித் திண்டண்டு சொல்லிட்டா."

கதவோரத்தில் மகள் ஸம்றா நின்றாள். பத்து வயதிருக்கும். முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. ஆதம்பாவா குந்தி உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்ச் சொன்னார்.

"மகள், நீங்க அரிசி எடுக்கல்ல. அது எனக்குத் தெரியும். நான்தான் குறைய அளந்த."

ஸம்றா தாயின் கையைப் பார்த்தாள். பிறகு அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

"இல்ல மாமா, நான்தான் எடுத்த."

அவர் மறுபடியும் சொன்னார். அவளும் மறுபடியும் அதையே சொன்னாள்.