பீலிக்ஸ், உள்ள வா

கொழும்புக் கொட்டாஞ்சேனை பீலிக்ஸுக்கு அறுபது வயதாகப் போகிறது. இத்தனை காலத்தில் அந்தப் பெயரைத் தன்னுடையதென்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எப்படி நினைப்பார்? அது அவருக்கு முன்னே பிறந்து, நாலு வயதிலேயே செத்துப்போன அண்ணனின் பெயர்.

அந்த மூத்த பீலிக்ஸ், திருநாள் பவனியின் பாண்ட் சத்தம் கேட்டு வாசலைவிட்டு இறங்கி ஓடியவன். லொறி வந்துவிட்டது. தாய் நேசமலர் அப்போது குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வாசலில் நிற்பது தெரியும். இந்தா கூப்பிடுவோம், இந்தா கூப்பிடுவோம் என்று சட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள், பாவம். அடுத்த வருடம் இன்னொரு ஆண்பிள்ளை பிறந்ததும் வேறு பெயர் அவள் யோசிக்கவே இல்லை. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார், லத்தீனில் இதற்கு மகிழ்ச்சியானவன் என்று அர்த்தம் என்றாராம். நல்ல மகிழ்ச்சிதான் போங்கள்!

பொழுதுபடும் நேரம் நேசமலர் வாசலுக்குப் போய், வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

"பீலிக்ஸ், உள்ள வா!"

நம்முடைய பீலிக்ஸ் உள்ளேதான், மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருப்பார். "உள்ளதானம்மா இருக்கிறன்" என்பார். அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். கதவையும் சாத்தமாட்டாள். நுளம்பு கூட்டங்கூட்டமாக வந்து காலைப் பிடுங்கும். திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார அந்தப் பிள்ளைக்குப் பயம்.

வளர்ந்து, ஒருகொடவத்தை கொள்கலன் யார்டில் கிளார்க்காகி, கலியாணம் முடித்து, ஒரு மகளையும் பெற்றார். பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு நவம்பரும் மரித்தோர் திருநாளுக்கு மாதம்பிட்டி மயானத்துக்குத் தனியாகப் போய், தன் பெயரே எழுதியிருக்கும் சின்னச் சிலுவைக்கு மெழுகுதிரி கொளுத்துவார். மகளை அங்கே கூட்டிப் போனதே இல்லை. ஒரேயொரு முறை அவரோடு தொற்றிக்கொண்டு வந்த யார்டுக் கூட்டாளி ஹாஷிம் சிலுவையைப் பார்த்து, "ஒங்களுக்கென்ன மச்சான், பேரும் ரெடி, எடமும் ரெடி" என்று பகிடி விட்டான். பீலிக்ஸும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நேசமலர் சாகும்போது அவர்தான் பக்கத்தில் இருந்தார். "பீலிக்ஸ்" என்றாள். கையைப் பிடித்து, "இங்கதானம்மா" என்றார். அவள் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்து, "வந்திட்டியா ராசா" என்று முகமெல்லாம் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவர் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. தாய் போன துக்கத்தைவிட அந்தச் சிரிப்புத்தான் அவர் வயிற்றை எரித்தது. அவளும் போய், மனைவியும் போய், தனியாளான பிறகும் பொழுதுபட்டால் அந்தக் கூப்பாடு காதில் விழும். அவரும் கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

இந்த நிலையில்தான் மகள் ஷெறின் வெள்ளவத்தையிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். புருஷன் மிதுஷன் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. ஷெறினுக்கு வாயெல்லாம் பல்.

"பப்பா, பிள்ளைக்கு உங்கட பேர்தான். அவருக்கும் ஓகே."

பீலிக்ஸ் அவசரமாகக் கையை ஆட்டினார். "சீ, அது பழைய பேர். இப்ப ஆர் வைக்கினம்?" என்றார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"வேண்டாமெண்டா விடு பிள்ளை!"

குரல் உயர்ந்துவிட்டது. குழந்தை வீறிட்டது. ஷெறினின் முகம் கறுத்தது.

"சைவக்காரன்ட பிள்ளை எண்டபடியா உங்கட பேரைத் தர மனமில்லை, என்ன? வாயைத் திறந்து சொல்லுங்கோ. நான் இனி இந்த வாசல்படி மிதிக்கமாட்டன்."

குழந்தையின் பையைத் தோளில் போட்டாள். உள்ள ஒரே பிள்ளையும் போகப் பார்க்கிறாள். பெயரைக் கொடுத்தால் பேரன் போவான், கொடுக்காவிட்டால் மகள் போவாள். ஐயோ, மனுஷன் என்ன செய்வார்!

"அது என்ட பேர் இல்லை பிள்ளை" என்றார். லொறி, சட்டி, சிலுவை, தாயின் கடைசிச் சிரிப்பு எல்லாவற்றையும் கொட்டினார். "இரவல் பேரோட நான் பட்டது போதும். அவன் இன்னும் வெளியிலதான் நிக்கிறான். இந்தப் பிஞ்சையும் பிடிச்சானெண்டா?"

ஷெறின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பம்மா பின்னேரத்தில கூப்பிட்டது உங்களை இல்லையா?"

"ஒருநாளும் இல்லை."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கதவு வழக்கம்போலத் திறந்து கிடந்தது. ஷெறின் பையைக் கீழே வைத்தாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பீலிக்ஸ் தடுக்க எழுந்து, பாதியில் நின்றுவிட்டார். ஒழுங்கையில் யாரும் இல்லை.

"பெரியப்பா" என்று அவள் கூப்பிட்டாள். அந்த நாலு வயதுப் பிள்ளையை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் உங்கட தம்பீன்ட மகள். இருட்டுது. உள்ள வாங்கோ."

கொஞ்ச நேரம் நின்றாள். ஒதுங்கி வழி விட்டாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

அன்றைக்கு அந்தக் கூப்பாடு காதில் விழவில்லை. பீலிக்ஸ் செற்றியில் தொப்பென்று உட்கார்ந்தார். என்ன நினைத்தாரோ, ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்குத் தள்ளி இடம் விட்டார். பயம் அப்போதும் போகவில்லை. ஆனாலும் அவர் எழுந்து ஓடவில்லை.

"பப்பா?" என்றாள் ஷெறின்.

அவர் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு குழந்தைக்குக் கையை நீட்டினார்.

"வை பிள்ளை. என்ட பேரையே வை."